அப்பா சொன்னது ரப்பர்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் உங்களை ஒரு வாட்ஸ்அப் செய்தியின் வாசலில் நிறுத்திவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். ஏசியிருப்பீர்கள். ஏசுங்கள், உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது.

இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. தெஹியோவிட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர் யோகராஜ். அவர் மகன் சசி ராப் பாடுகிறவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாரியம்மன் திருவிழா மேடையில், தோட்ட நிர்வாகியான பெரிய துரை மாலையும் கழுத்துமாக முன்வரிசையில் இருக்கும்போது, தாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளின் கூரை ஒழுகுவதை மூச்சுவிடாமல் பாடித் தீர்த்தான். யோகராஜ் மேடை ஏறி மைக்கைப் பிடுங்கினார். மகனைச் சட்டையோடு பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினார். மறுநாள் முதல் பஸ்ஸில் கொழும்புக்குப் போனவன் திரும்பவில்லை. அவன் பெயர் காதில் விழுந்தால் யோகராஜ் சோற்றுத் தட்டை விட்டு எழுந்துவிடுவார்.

தங்கை தர்மிளாவோடு மட்டும்தான் சசிக்குப் பேச்சு. அவளுக்குத்தான் அந்தச் செய்தி வந்தது.

“அந்த ராப் வரலாறு படத்துல அப்பா என்னையப் பத்திப் பேசுனதைப் பாத்தேன் தர்மி. அழுதுட்டேன். நாளைக்கு வாறேன். அப்பாகிட்ட சொல்லிரு.”

அப்பாவா? அண்ணனைப் பற்றியா? அதுவும் ராப் படத்திலா? தர்மிளா இரவெல்லாம் புரண்டுகொண்டே கிடந்தாள்.

விடியும்போது மழை. மழை பெய்தால் மரப்பட்டை நனைந்துவிடும், பால் வெட்ட முடியாது. அந்த வீட்டில் காலை மழையை யாரும் வாழ்த்த மாட்டார்கள். “நாசமாப் போன மழை” என்று கோகிலா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். யோகராஜ் பிளேன்டீக் கோப்பையோடு வாசல் படியில் குந்தியிருந்தார்.

“அப்பா, ஏசக் கூடாது,” என்றாள் தர்மிளா. “அண்ணன் இன்னைக்கு வருதாம். நீங்க படத்துல பேசுனதைப் பாத்துச்சாம்.”

ராப் என்ற சொல்லை அவள் பயத்தில் விழுங்கிவிட்டாள். அன்றைக்கு நடந்த அத்தனைக்கும் அந்த ஒரு விழுங்கல்தான் காரணம்.

கோப்பை பறக்கும் என்று எதிர்பார்த்தாள். யோகராஜ் சிரித்தார். இரண்டு வருஷமாக அந்த முகத்தில் காணாமல் போயிருந்த சிரிப்பு.

“படம் வந்துருச்சா? பாத்துட்டானா? பாத்தா வருவான்னு எனக்குத் தெரியும். ரத்தம்ல!”

“அப்பிடி என்னாப்பா பேசுனீங்க?”

“பாக்குறப்ப தெரியும்,” என்று மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தார். குடையை எடுத்தார். “கங்காணிகிட்ட ஒரு பேச்சு இருக்கு. அப்புறம் பஸார் வரைக்கும் போயிட்டு வாறேன்.” அந்த மழையிலும் நடையில் ஒரு துள்ளல்.

தர்மிளாவுக்கு அந்தத் துள்ளல்தான் சரியாகப் படவில்லை. அப்பா ஏசினால் அதில் புதிதாக ஒன்றுமில்லை. சிரித்தால் எங்கேயோ ஏதோ இடிக்கிறது.

“அம்மா, கொழும்புல இருந்து படம் எடுக்க வந்தாங்களே, அன்னைக்கு நான் வேலைக்குப் போயிட்டேன். நீதான் வீட்டுல இருந்த. அப்பா என்னா பேசுனாரு?”

கோகிலா முகத்தைத் திருப்பாமலே வெங்காயத்தை உரித்தாள். “நான் தேத்தண்ணி ஊத்தவே நேரம் சரியாப் போச்சு. வர்றவன் வரட்டும். ஒனக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி?”

“அண்ணன் ஒண்ணை நெனச்சுக்கிட்டு வந்து, அப்பா வேற ஒண்ணு சொன்னாருன்னா? இந்தத் தடவை வீட்டை விட்டு எறங்குனா அது திரும்பி வராதும்மா.”

 கோகிலா வெங்காயம்தான் அழவைப்பதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அண்ணன் வந்து சேர்வதற்குள் அந்தப் படத்தைப் பார்த்துவிட வேண்டும். தர்மிளா செருப்பை மாட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஓடினாள். தோட்டத்தில் அவர்களுடைய டிவிசனில் இணையம் கிடைக்கிற ஒரே இடம் அது. காதல் செய்கிற பிள்ளைகளும் வெளிநாட்டில் புருஷன் இருக்கிற பெண்களும் அங்கேதான் வரிசை கட்டி நிற்பார்கள்.

படத்தின் பெயரைத் தட்டினாள். முன்னோட்டம் கிடைத்தது. அதில் அண்ணன் அரைக் கண் சிமிட்டும் நேரம் வந்து போனான், அப்பாவைக் காணோம். ‘முழுப்படம்’ என்று போட்டிருந்த ஒன்றைத் திறந்தால், ஒரு படம் மட்டும் அசையாமல் நின்று கீழே எதையோ அழுத்தச் சொன்னது. அழுத்தினாள். முடி கொட்டுவதற்கு எண்ணெய் விளம்பரம் வந்தது. இன்னொரு இடத்தில் வங்கி அட்டை இலக்கம் கேட்டார்கள். சசிக்கு எடுத்தாள். போன் அணைந்திருந்தது.

டேட்டாவும் தீர்ந்தது. தர்மிளா மேட்டிலிருந்து இறங்கின வேகத்தில் ஒற்றையடிப் பாதையைப் பிடித்து, தெஹியோவிட்ட பஸாரில் நஸீமின் கொமியுனிகேஷன் கடையில் போய்த்தான் மூச்சு விட்டாள். போட்டோக் கொப்பி, ரீலோட், கல்யாண அட்டை என்று எல்லாம் செய்கிற நஸீம் சசியோடு ஒன்றாகப் படித்தவன்.

“அந்தப் படமா? நானும் தேடித்தான் பாத்தேன் தங்கச்சி. கொழும்புல ஹோல்ல போட்டுக் காட்டினாங்களாம், நெட்டுல வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கு மட்டும் திறக்குது. நம்ம நாட்டுல எடுத்த படம், நம்ம நாட்டுல பாக்க ஏலாதாம்!” என்று கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டே சொன்னான். “கொஞ்சம் பொறுங்க, எடுத்தவங்கட பக்கத்தப் பாப்போம்.”

அப்போது கடை வாசலில் குடையை உதறிக்கொண்டு யோகராஜ் வந்து நின்றார். கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய நீளமான பொட்டலம்.

“நஸீம் தம்பி, அந்த ரப்பர் படம் வந்துருச்சாம்ல, போடுங்க பாப்போம்!”

நஸீம் தலையைத் தூக்கினான். “என்ன படம் மாமா?”

“ரப்பர் படம் தம்பி. ரப்பரோட சரித்திரம். கொழும்புல இருந்து ஒரு பொண்ணு கெமராவோட வந்துச்சு. அரைத் தமிழுதான், ஆனா நல்ல மரியாதையான புள்ள. ‘ஒங்க மகன் ரப்பர்தானே, அதப் பத்தி என்னா நெனைக்கிறீங்க’ன்னு கேட்டுச்சு. ஆமாம்மா, சின்னதுலயே எங்கூட மலைக்கு வந்தவன், அவன் கை மாதிரி இந்த டிவிசன்ல ஒரு கை கெடையாதுன்னேன். விடுவேனா? ஒரு மணி நேரம் பேசுனேன்!”

தர்மிளா அந்தச் சொல்லை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள்.

ராப்பர். ரப்பர். கொழும்புப் பெண்ணின் அரைத் தமிழில் அது எப்படி விழுந்திருக்குமோ, அப்பாவின் காதில் இப்படித்தான் விழுந்திருக்கும். பிறந்ததிலிருந்து ரப்பருக்குள்ளேயே கிடக்கிற மனுஷனின் காதுக்கு வேறு எந்தச் சொல் கேட்கும்? அவர் ரப்பரைப் பேசியிருக்கிறார். அண்ணன் அதை ராப்பாகக் கேட்டுவிட்டு, அப்பா மன்னித்துவிட்டார் என்று அழுதுகொண்டு வருகிறான்.

நஸீமுக்கும் விளங்கிவிட்டது. சிரிப்பை அடக்கத் தொண்டையைச் செருமினான். தர்மிளா பார்த்த பார்வையில் அந்தச் செருமலும் அடங்கியது.

“இன்னைக்குப் பின்னேரம் ருவான்வெல்லையில போடுறாங்க,” என்றான் மெதுவாக. “காமில் சேர்ட டியூசன் ஹோல்ல. இலவசம்.”

“நான் மட்டும் போயிட்டு வாறேன்பா, நீங்க வீட்டுக்குப் போங்க.”

“நல்லா இருக்கே! எம் மூஞ்சிய நான் பாக்க வேணாமா?”

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கோபத்தில் பஸ் நிலையத்திலேயே நின்று மகனைத் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார். சொல்லாவிட்டால் அத்தனை பேர் முன்னால் அவமானப்படுவார். அவள் என்ன செய்வாள், பாவம். கடைக்குப் பின்பக்கம் போய் அம்மாவுக்கு எடுத்தாள்.

“அம்மா, அப்பா ரப்பருன்னு நெனச்சுல்ல பேசியிருக்காரு! ஒனக்குத் தெரியுமா?”

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அதை இறக்கிவைத்துவிட்டுக் கோகிலா சொன்னாள்:

“தெரியும். அந்தப் புள்ள பாட்டைப் பத்திக் கேக்குது, இந்த மனுசன் மரத்தைப் பத்திச் சொல்றாரு. எனக்கு அப்பவே விளங்கிருச்சு.”

“ஏம்மா சொல்லல?”

“எம் மவன் போனதுக்கப்புறம் அவன் பேரை அந்த வாயி சொன்னது அன்னைக்குத்தான் தர்மி. எம்மவன், எம்மவன்னு எத்தனை தடவை சொன்னாரு தெரியுமா? நான் ஏன் நிறுத்தணும்? அவன் பேரைக் கேட்டுக்கிட்டே படம் எடுக்க வந்த நாலு பேருக்கு ரெண்டு தடவை தேத்தண்ணி ஊத்துனேன்.”

“சரிம்மா,” என்று தர்மிளா போனை வைத்தாள்.

“நகின்ன, நகின்ன! கரவனெல்ல, ருவான்வெல்ல!” என்று கொண்டக்டர் ஏறச் சொல்லிக் கத்தியதும் இருவரும் ஏறினார்கள். பக்கத்து இருக்கைச் சிங்களப் பெரியவரிடம் யோகராஜ் சரளமாகச் சிங்களத்தில் தான் நடித்த ரப்பர் படத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். நடித்த! பெரியவரும் சின்னத் தோட்டக்காரர்தானாம், பார்க்க வேண்டும் என்று பெயர் கேட்டார். தர்மிளா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பொட்டலத்தை மட்டும் யோகராஜ் மடியை விட்டு இறக்கவில்லை. “என்னாப்பா அது?” என்றதற்கும் “சும்மா இரு” என்றுதான் பதில்.

டியூசன் மண்டபத்தில் பிள்ளைகள் நெருக்கியடித்து இருந்தார்கள். காமில் சேர் வாசலுக்கே வந்து யோகராஜின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“சசியின் அப்பாவா? படத்தில் உங்களுடைய பேச்சுத்தான் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது!”

யோகராஜ் மகளைப் பெருமையாகப் பார்த்தார். பார்த்தியா என்கிற பார்வை.

விளக்கு அணைந்தது. தூர தேசத்துத் தெருக்களில் இளைஞர்கள் கைகளை வீசிப் பாடினார்கள். பிறகு கொழும்பு. சந்து பொந்துகளில் சிங்களத்தில் பாடினார்கள், தமிழில் பாடினார்கள்.

“விளம்பரமே இவ்வளவு நேரமா?” என்று காதில் கேட்டார் யோகராஜ்.

“வரும்பா.”

“ஒரு மரத்தைக்கூடக் காணமேடி.”

மரம் வந்தது. அவர்களுடைய மலை, அவர்களுடைய லயம். வாசல் படியில் யோகராஜ், முகச்சவரம் செய்து, கல்யாணத்துக்குப் போடுகிற சட்டையோடு. முகத்துக்குக் கீழே எழுத்து: ‘யோகராஜ், ராப்பர் சசியின் தந்தை.’ அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பவர். எழுத்து மறைவதற்குள் பாதிதான் படித்திருப்பார்.

திரையில் அவர் பேசினார். “இது லேசுப்பட்ட வேலை இல்லம்மா. ரொம்ப ஆழமா வெட்டுனா மரம் செத்துரும். மேலாப்புல வெட்டுனா பாலு வராது. கைக்கு அளவு தெரியணும். எம்மவனுக்கு அது சொல்லிக் குடுக்காமலே தெரியும்.”

மண்டபம் விசிலடித்தது. ஒரு பெண்பிள்ளை எழுந்து நின்று கை தட்டினாள். என்ன அழகான உவமை என்று நினைத்திருப்பார்கள். உவமையாவது ஒன்றாவது!

“அவன் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான். நானும் கையை நீட்டிட்டேன், தப்புத்தான். அவனை மாதிரி ஒரு ரப்பர்காரன் எனக்கு எங்க கெடைப்பான்? வந்தான்னா அவன் எடம் அப்பிடியே இருக்கு. வரச் சொல்லும்மா.”

அடுத்த நொடி திரையில் சசி. கன்னம் ஒட்டி, தாடி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு பாடினான்:

“மரத்துக்கு வெட்டு ஒரு பக்கந்தான், எங்கப்பனுக்கு எல்லாப் பக்கமும்.
மரத்துப் பாலுக்குச் சிரட்டை இருக்கு, எங்கப்பன் வேர்வைக்கு எது இருக்கு?”

யோகராஜ் எழுந்துவிட்டார். வரிசையில் இருந்தவர்களின் கால்களை மிதித்துக்கொண்டு இருட்டில் வெளியே போனார். தர்மிளா பின்னால் ஓடினாள்.

மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. அவர் குடையை உள்ளேயே விட்டுவிட்டார், பொட்டலத்தை மட்டும் விடவில்லை.

“தெரிஞ்சுதான என்னையக் கூட்டிட்டு வந்த?”

“நஸீம் அண்ணன் கடையில நீங்க சொன்னப்பத்தான் தெரியும்.”

“ஒங்கம்மாவுக்கு?”

தர்மிளா செருப்பு நுனியால் சேற்றைக் கிளறினாள்.

“அவளுக்கும் தெரியும்! ஊரே தெரிஞ்சு சிரிக்குது, நான் ஒருத்தன்தான் முட்டாப்பய. நான் சொன்னது ரப்பருடி! ரப்பரு! நாளைக்கே அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டு, என்னையப் படத்துல இருந்து எடுக்கச் சொல்லு!”

“யாருப்பா சிரிச்சா? கை தட்டுனாங்க. அண்ணனை வரச் சொன்னீங்களே, அது பொய்யா?”

“பால் வெட்ட வரச் சொன்னேன்!”

தர்மிளாவின் போன் அடித்தது. சசி. அவிசாவளை பஸ் நிலையத்தில் நிற்கிறானாம், இப்போதுதான் ஒரு கடையில் போனுக்குச் சார்ஜ் ஏற்றினானாம்.

“அப்பா பக்கத்துல இருக்காரா? குடு தர்மி. பஸ் ஏறுறதுக்கு முந்தி ஒண்ணு கேக்கணும்.”

அவள் சத்தத்தைக் கூட்டிப் போனை நீட்டினாள். யோகராஜ் அதைத் தொடவில்லை. போன் இருவருக்கும் நடுவில் அந்தரத்தில் நின்றது.

“அப்பா…” இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல். “நெசமா நீங்க சொன்னதுதானாப்பா? அவுங்க வெட்டி ஒட்டியிருப்பாங்கன்னு கூட்டாளிமாரு சொல்றானுங்க. அப்பிடீன்னா சொல்லிருங்க. இங்கயிருந்தே திரும்பிப் போயிர்றேன். கோவமெல்லாம் இல்லப்பா.”

தர்மிளா அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாய்க்குள் அண்ணனின் மொத்த வாழ்க்கையும் இருந்தது. மாரியாத்தா, இந்த ஒரு தடவை மட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

“வெட்டி ஒட்டல,” என்றார் யோகராஜ். “எல்லாம் நான் சொன்னதுதான். ஆனா ஒண்ணு. நான் சொன்னது… ரப்பருடா.”

அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பும் அழுகையுமாக ஒரு சத்தம் வந்தது. “ஆமாப்பா. ஒங்க வாயால அந்த வார்த்தையச் சொல்லிக் கேக்கணும்னுதான் நான் கெடந்தேன்.”

யோகராஜ் விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் வேறு எதையோ சொன்னது.

“ஏண்டா இப்பிடி மெலிஞ்சு போயிருக்க? சாப்புடுறியா, இல்லியா?”

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“சரி, சரி. பஸ்ஸை விட்டுராத. ஏறு.”

இருவரும் திரும்ப பஸ் ஏறினார்கள். கரவனெல்லை தாண்டியதும் யோகராஜ் பொட்டலத்தின் தாளை ஓரத்தில் கொஞ்சம் பிரித்து மகளுக்குக் காட்டினார். புத்தம் புதுப் பால்வெட்டுக் கத்தி.

“அவனுக்கு வாங்குனேன்,” என்றார்.

“அப்பா!”

“காலையில கங்காணிகிட்டயும் சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில வேலைக்கு ஆள் கூப்பிடுற பெரட்டுல அவன் பேரைக் கூப்பிடுவாங்க. வேலை செக்ரோல்ல அவன் பேரைப் போடச் சொல்லிட்டேன், எம்மவன் வாறான்னு லயம் பூராவும் சொல்லிட்டு வந்துட்டேன்டி.”

“அதை அண்ணன்கிட்ட யாரு சொல்றது?”

“நீ சொல்லேன்.”

“நான் மாட்டேன். மேடையில மைக்கைப் புடுங்குனது பத்தாதா? இதையும் நீங்களே சொல்லுங்க.”

யோகராஜ் தாளை மறுபடி சுற்றினார். சரியாகவே சுற்ற வரவில்லை. மரத்தில் அளவு தவறாத அந்தக் கை ஒரு தாளில் தடுமாறுவதைத் தர்மிளா அன்றைக்குத்தான் பார்த்தாள். பாவமாக இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

தெஹியோவிட்டையில் இறங்கினார்கள். நஸீமின் கடை வாசலில் முதுகில் பையோடு சசி நின்றிருந்தான். அப்பாவைக் கண்டதும் வந்து நடுத்தெருவில் காலில் விழுந்தான். யோகராஜ் பொட்டலத்தை மகளின் கையில் திணித்துவிட்டு, இரண்டு கையாலும் அவனைத் தூக்கினார். தூக்கிய கையை எடுக்கவில்லை. முதுகைத் தடவி, தோளைத் தடவி, எலும்பு எலும்பாகப் பார்த்தார்.

“அம்மா கோழி ஆக்கி வச்சிருக்கா,” என்று மட்டும் சொன்னார்.

சசி கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கையிடம் திரும்பினான். “கையில என்னா தர்மி, எனக்கா?”

தர்மிளா அப்பாவைப் பார்த்தாள். அவர் பஸார் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தார்.

“ரப்பர்தான்,” என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தைத் தாவணிக்குள் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

தூறல் நின்றிருந்தது. மலைக்கு மேலே வானம் சுத்தமாக வெளுத்து, நாளைக் காலை பால் வெட்டுக்கு ஒரு குறையும் இருக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தது. பால் வெட்டுகிறவர் வீட்டில் பிறந்து வளர்ந்த பெண், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, மழை வேண்டுமென்று மாரியம்மனைக் கும்பிட்டாள்.